இரண்டாம் பருவ நிறைவை ஒட்டிப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்துள்ளது. தேர்வுகள் குறித்த காலத்தில் முடிந்தன. விளையாட்டுப் போட்டிகளிலும் பேச்சுப் போட்டியிலும் நம் மாணவர்கள் பாராட்டத்தக்க வகையில் பங்கேற்றனர். நூலகத்திற்குப் புதிய நூல்கள் வந்துள்ளன. இவற்றுக்காக உழைத்த அனைவருக்கும் என் வாழ்த்துகள்.

இப்பருவத்தில் நடந்தவற்றுள் சற்று விரிவாக எழுத வேண்டியது, தொடக்கநிலை வகுப்புப் பிள்ளைகள் உங்களில் பலருடன் சேர்ந்து ‘சிண்ட்ரெல்லா’ பாலே காணச் சென்ற மாலைப்பொழுதைப் பற்றி. கண்ணாடிக் காலணியும் பூசணிக்காய் வண்டியும் வரும் அந்தக் கதையை, 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ வெளியிட்ட வடிவத்தின் வழியாக உலகமே அறியும். நம் பிள்ளைகளும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால், 1945-இல் மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கில் முதன்முதலாக மேடையேறிய செர்கேய் புரோகோஃபியெவின் இசையில், ஒரு சொல்கூடப் பேசப்படாமல் அக்கதை நடனமாக விரிவதை அவர்கள் அதுவரை கண்டதில்லை. அடுப்படியில் தனியாக விடப்பட்ட பெண் விளக்குமாற்றையே துணையாக்கி ஆடியபோது, அவள் மனத்தில் இருப்பதை யாரும் விளக்காமலே அவர்கள் புரிந்துகொண்டனர். விருந்தின் நடுவே மரக்கட்டையைத் தட்டும் ஓசையாகக் கடிகாரம் இசைக்குள்ளேயே ஓடத் தொடங்கியதும், முடிவை நன்கறிந்த பிள்ளைகளும் அவள் தப்பித்துவிட வேண்டுமே என்று பதறிப்போனார்கள். தெரிந்த கதை புதிதாகப் பிறப்பதைப் பார்க்கும் இந்த வாய்ப்பு, வகுப்பறையில் எவ்வளவு முயன்றாலும் எங்களால் தர முடியாதது.

இதனாலேயே, அன்று அரங்கில் நடந்த ஒன்றைக் குறித்து உங்களிடம் வெளிப்படையாகப் பேசக் கடமைப்பட்டிருக்கிறேன். நிகழ்ச்சி தொடங்கும் முன் கைப்பேசிகளை அணைத்துவிடுமாறு அரங்கத்தார் கேட்டுக்கொண்ட பின்னரும், நம் பள்ளியின் வரிசைகளில் பல திரைகள் ஒளிர்ந்தபடியே இருந்தன. சிலர் நடனத்தைப் படம்பிடித்தனர். சிலர் மேடை பின்னணியில் தெரியுமாறு பிள்ளைகளைத் திரும்பி உட்காரச் சொல்லிப் புகைப்படம் எடுத்தனர். பிள்ளையின் மகிழ்ச்சியை வீட்டிலுள்ள தாத்தா பாட்டிக்கும் காட்ட வேண்டும் என்னும் ஆசையை நான் நன்கு அறிவேன். அதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. எனினும், அதனால் விளையும் இடர்களை எல்லாரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் எழுதுகிறேன்.

பாலே கலைஞர்கள் சுழலும்போது தலை கிறுகிறுக்காமல் இருக்க, எதிரே ஓர் இடத்தில் பார்வையை நிறுத்தி, உடல் திரும்பிய பின் தலையை விரைந்து திருப்பி மீண்டும் அதே இடத்தைப் பார்க்கின்றனர். இதற்கென்றே பல அரங்குகளில் பார்வையாளர் பகுதியின் பின்புறம் ஒரு சிறு விளக்கை வைத்திருப்பார்கள். துணியும் காகிதமும் பசையும் சேர்த்து இறுக்கிய காலணியின் நுனியில் முழு உடல் எடையையும் தாங்கி நிற்பவருக்கு, இருளில் திடீரென்று ஒளிரும் வேறொரு வெளிச்சம் இடறலாகிவிடக்கூடும். பார்ப்பவர்களுக்கும் இழப்புண்டு: இருளுக்குப் பழகிய கண் ஒரு பளிச்சென்ற திரையைப் பார்த்துவிட்டால், மேடையின் மங்கிய ஒளி மீண்டும் தெளிவாகத் தெரியச் சற்று நேரமாகும். பின்வரிசைப் பிள்ளைகள் சிலர், முன்னே உயர்த்திப் பிடிக்கப்பட்ட திரைகளின் இடையே எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சொல்லே இல்லாத கலையில் கண்ணுக்குத் தப்பியது கதையிலிருந்தே தப்பிப்போகிறது.

எனவே, இதை உறுதியாகத் தெரிவிக்கிறேன். அடுத்த பருவம் முதல், பள்ளி அழைத்துச் செல்லும் எந்த மேடை நிகழ்ச்சியிலும், உடன் வரும் பெரியவர்கள் கைப்பேசியை முழுவதுமாக அணைத்துப் பையில் வைத்துவிட வேண்டும். இதற்கு இசையாதவர்கள் உடன் வருவதைத் தவிர்க்க வேண்டும். அவர்களின் பிள்ளைகளை ஆசிரியர்களே பொறுப்பேற்று அழைத்துச் செல்வார்கள். நிகழ்ச்சியின்போது இதை மீறுபவர்கள் பிற்பாடு எந்தப் பயணத்திற்கும் துணைவர்களாக அழைக்கப்பட மாட்டார்கள். அவசர அழைப்பை எதிர்பார்த்திருப்பவர்கள் முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொன்னால், வாசலை ஒட்டிய இருக்கையை ஒதுக்குவோம்.

அடுத்த பருவத்தில் ‘தூங்கும் அழகி’ பாலேவுக்குச் செல்லத் திட்டமிட்டுள்ளோம். சைக்கோவ்ஸ்கியின் இசைக்கு மாரியஸ் பெட்டிப்பா நடனம் அமைக்க, 1890-இல் புனித பீட்டர்ஸ்பர்க்கின் மரியின்ஸ்கி அரங்கில் முதன்முதலாக ஆடப்பட்டது அது; அதன் மூலக்கதையும் பெரோவுடையதே. அழைக்கப்படாத தேவதை இளவரசிக்கு இடும் சாபம் அதில் கைச்சைகையாலேயே சொல்லப்படுகிறது. முகத்தைச் சுற்றிக் கை வளைந்தால் அழகு, தலைக்கு மேல் இரு கைகளும் ஒன்றையொன்று சுற்றினால் நடனம், மூடிய கைகள் மணிக்கட்டில் குறுக்கிட்டுத் தாழ்ந்தால் மரணம். விடுமுறையில் கதையை ஒருமுறை சொல்லி, இந்தச் சைகைகளையும் பிள்ளைகளுடன் செய்து பார்த்தீர்களானால், அரங்கில் யாரும் காதோடு விளக்க வேண்டியிராது. திருமணக் காட்சிக்கு வரும் விருந்தினர்களுள் காலணி அணிந்த பூனையும் சிவப்புத் தொப்பிச் சிறுமியும் இருப்பார்கள் என்பதை மட்டும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டாம். அவர்களைத் தாமாகவே அடையாளம் காணும் இன்பம் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.

அன்று பேருந்தில் பிள்ளைகளை எண்ணி ஏற்றியவர்கள், இடைவேளையில் சிறியவர்களைக் கைபிடித்து அழைத்துச் சென்றவர்கள், வேலைக்கு விடுப்பெடுத்து வந்தவர்கள் ஆகிய உங்கள் அனைவருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. உங்கள் துணையின்றி அவ்வளவு சிறு பிள்ளைகளை அரங்குக்கு அழைத்துச் சென்றிருக்கவே முடியாது. அடுத்த பயணத்திற்கும் உங்களை எதிர்பார்க்கிறோம். இத்துடன் இணைத்துள்ள இசைவுப் படிவத்தில் கையொப்பமிட்டு, பள்ளி மீண்டும் திறக்கும் வாரத்திற்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்