கூடை பின்னும் தாய்மார்களுக்கு ஒரு திண்ணை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில், கைவினைப் பொருள்கள் செய்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களைப் பற்றி அவ்வப்போது வெளிவரும் கட்டுரைகளை நான் விடாமல் வாசித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலும் ஒரு பெண் தானாகவே கற்று, தன்னந்தனியாக முயன்று, தன் கையால் முன்னேறியதாகவே எழுதப்படுகிறது. அந்தப் பெண்களின் உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் கைக்குழந்தையும் பள்ளிக்குப் போகும் வயது வராத பிள்ளையும் இருக்கிற வீட்டில், அக்கம்பக்கத்துத் தோழிகளின் துணையில்லாமல் ஒரு கூடையைக்கூடப் பின்னி முடிக்க இயலாது என்பதைப் பாளையங்கோட்டையில் பல ஆண்டுகளாக ஒயர் கூடை பின்னிவரும் ஒரு தாய் என்ற முறையில் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். வீட்டில் இருந்தபடி செய்யும் கைத்தொழிலுக்கு உதவ முன்வரும் அரசும் பத்திரிகைகளும் இந்தத் துணையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

இதைப் பின்னிப் பார்க்காதவர்களுக்கு வேலையைச் சற்று விரித்துச் சொன்னால்தான் நான் கூறுவது விளங்கும். கடையில் கட்டாக வாங்கிவரும் ஒயரை முதலில் ஒரே அளவில் வெட்டிக்கொள்ள வேண்டும். கூடை பெரிதாகப் பெரிதாக ஒயரின் நீளமும் முழக்கணக்கில் கூடும் என்பதால், ஒருவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள மற்றவர் இழுத்து அளந்தால்தான் ஏற்றத்தாழ்வில்லாமல் வரும். மார்கழிக் குளிரில் ஒயர் விறைத்துக்கொள்ளும். சிறிது நேரம் வெயிலில் போட்டெடுத்தால்தான் விரலுக்கு வளையும். அடுத்து அடி போடுவது. அடியில் ஒரு முடிச்சு மாறி விழுந்தாலோ, எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலோ கூடை முழுவதும் கோணிவிடும். பாதி உயரம் வந்த பிறகு அது கண்ணில் பட்டால் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே அடி போட்டு முடியும் வரை பின்னுகிறவரின் கண் வேறெங்கும் போகக் கூடாது. அந்த நேரத்தில் தவழும் குழந்தை ஒன்று பக்கத்தில் இருந்தால் அதை யார் பார்ப்பது? வெட்டிப் போட்ட ஒயர்த் துண்டுகளை அது வாயில் வைத்துவிடும். கத்தரிக்கோலை நோக்கித்தான் முதலில் கை நீட்டும்.

பல வீடுகள் ஒன்றாகச் சேர்ந்திருந்த எங்கள் வளவில் இதற்கு இயல்பாகவே ஒரு வழி அமைந்திருந்தது. பகல் சமையல் முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, சிறு பிள்ளைகளை வைத்திருக்கும் நாங்கள் நால்வரும் ஒரே திண்ணையில் வந்து அமர்வோம். ஒருவர் அடி போடும்போது மற்றொருவர் மடியில் அவருடைய குழந்தை இருக்கும். கூடையின் சுவர் எழும்பத் தொடங்கிவிட்டால் கை தானாக ஓடும். அப்போது பின்னிக்கொண்டே பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம், அழுகிறவனைச் சமாதானப்படுத்தலாம். எங்களில் ஒருவருக்குச் சிவன்கண் பின்னல் மிக நேர்த்தியாக வரும். இன்னொருவர் நெல்லிக்காய் முடிச்சில் தேர்ந்தவர். கைப்பிடி போடுவதற்கு ஒயரை இழுத்து இறுக்க வேண்டும் என்பதால் ஆள்காட்டி விரல் வெடித்துவிடும். அந்த வேலையை எங்கள் எல்லோருக்குமாக மூத்த மைனி ஒருவர், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு செய்து கொடுப்பார். கத்தரிக்கோல் எப்போதும் விளக்கு மாடத்தில் உயரத்தில்தான் இருக்கும். வெட்டிய துண்டுகள் உடனுக்குடன் ஒரு பால்பவுடர் டப்பாவுக்குள் போய்விட வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம்.

நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்கு மிச்ச ஒயரில் சற்று நீளமான துண்டுகளைக் கொடுத்துவிடுவோம். ஒன்றின்மேல் ஒன்று, ஒன்றின்கீழ் ஒன்று என்று அவர்கள் கோத்துப் பார்க்கும்போது அவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சியை எந்த விளையாட்டுச் சாமானும் தராது என்பது என் உறுதியான எண்ணம். என் மகள் பத்துக்கு மேல் எண்ணக் கற்றுக்கொண்டது அடிவரிசையின் முடிச்சுகளைத் தொட்டுத் தொட்டுத்தான். சிவப்பு ஒயருக்காகச் சண்டை போட்டு, அழுது, பிறகு அதை இரண்டாக வெட்டிப் பகிர்ந்துகொள்ளவும் பிள்ளைகள் அங்கேதான் கற்றார்கள். தனியாக ஒரு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பின்னுகிற தாய், குழந்தை நச்சரிக்கும்போது கைபேசியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. அதற்காக அந்தத் தாயைக் குறை சொல்வது நியாயமன்று. அவருக்கு வேறு கை இல்லை. நான்கு தாய்மார்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே துணையாகிவிடுகிறார்கள்.

இந்த நட்பு வேலையோடு நின்றுவிடுவதுமில்லை. எங்களில் ஒருவர் இரண்டாவது பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்த சமயத்தில், ஒரு திருமண வீட்டுக்குத் தாம்பூலத்துக்கான சிறு கூடைகள் பின்னித் தருவதாக ஒப்புக்கொண்டு முன்பணமும் வாங்கியிருந்தார். எதிர்பார்த்த தேதிக்கு முன்பே வலி கண்டு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. மீதிக் கூடைகளை நாங்கள் மூவரும் இரவில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பின்னி முடித்தோம்; கூலி முழுவதும் அவர் கையில் சேர்ந்தது. அவருடைய மூத்த பையன் அந்த நாள்களில் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான், தூங்கினான். இப்படிப்பட்ட ஏற்பாட்டை எந்த வங்கியின் கடன் படிவத்திலும் எழுதிக் காட்ட முடியாது. ஆனால் ஒப்புக்கொண்ட வேலை குறித்த நாளில் முடிந்ததற்கு அதைத் தவிர வேறு காரணமும் இல்லை.

இன்று அந்த வளவு இல்லை. வீட்டுக்காரர் இடத்தை விற்றுவிட்டதால் நாங்கள் நகரின் வெவ்வேறு பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். நான் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடியில் கீழ்த்தளம் முழுவதும் வாகனங்கள் நிற்கின்றன. மாடிப்படி அருகே இரண்டு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்தால்கூட நடைபாதைக்கு இடைஞ்சல் என்று சொல்லப்படுகிறது. இடத்தின் நெருக்கடியைப் பார்த்தால் அதையும் முழுதாகத் தவறென்று சொல்ல முடியவில்லை. இதே நிலைமை ஊர்தோறும் இருக்கிறது. திண்ணை வைத்துக் கட்டிய வீடுகள் குறைந்துவிட்டன. தெருவில் உட்காரலாம் என்றால் வண்டிகள் விடுவதில்லை. கூட்டாகச் செய்த வேலையை இன்று ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டுக்குள் தனியாகச் செய்து பார்க்கிறார். பிள்ளை சற்று வளரட்டும் என்று ஒத்திப்போட்டு, பிறகு அப்படியே விட்டும் விடுகிறார்.

பெண்கள் கூடி அமர்ந்து வேலை செய்வது எங்கள் மாவட்டத்துக்குப் புதிய செய்தியன்று. திருநெல்வேலிச் சீமையில் பீடி சுற்றும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தெருவில் கூடி அமர்ந்தே வேலை செய்து வந்திருக்கிறார்கள். புகையிலைத் தூளுக்கு நடுவில் குழந்தைகள் வளர்வது நல்லதன்று என்பதால் அத்தொழிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் 1966ஆம் ஆண்டின் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்து சுற்றும் பெண்களையும் தொழிலாளர்களாக ஏற்றுக்கொண்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் செய்வதும் வேலைதான் என்று சட்டத்தில் எழுத முடியும் என்பதற்கு அது சான்று. கூடை பின்னுகிறவருக்கென்று அத்தகைய தனிச் சட்டம் எதுவுமில்லை. வீட்டில் இருந்து உழைப்பவர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1996ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. எங்களைப் போன்றவர்களுக்குத் தோழியின் மடிதான் காப்பகம்.

தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடாக, அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை மானியமும் வழங்கும் அத்திட்டத்தில் கூடை முடைதலும் பாய் பின்னுதலும் இடம்பெற்றுள்ளன. விண்ணப்பிக்க 35 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. படிக்கும் வயதுப் பிள்ளைகள் குலத்தொழிலுக்குள் தள்ளப்பட்டுவிடக் கூடாது என்ற அக்கறையால் வைக்கப்பட்ட வயது வரம்பு அது. அந்த அக்கறையில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. எனினும், சிறு குழந்தைகள் இருப்பதால் வெளியே வேலைக்குப் போக முடியாமல் கைத்தொழிலை நாடும் பெண்களில் மிகப் பலர் இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்கள். உதவி அதிகம் தேவைப்படும் ஆண்டுகளில் விதி அவர்களைக் காத்திருக்கச் சொல்கிறது. திருமணமாகி, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய்மார்களுக்கு மட்டும் இந்த வரம்பைத் தளர்த்துவதால், எந்த மாணவரின் மேற்படிப்பும் தடைப்படப் போவதில்லை. மேலும் மூங்கில், பிரம்பு, ஓலை ஆகியவற்றோடு ஒயர் கூடையும் இத்திட்டத்தில் அடங்குமா என்பதை மாவட்டத் தொழில் மையங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். தோழிகள் நால்வர் சேர்ந்து ஒரே விண்ணப்பம் தரவும் வழி செய்ய வேண்டும்.

கடனைவிட அவசரமாக எங்களுக்குத் தேவைப்படுவது உட்கார ஓர் இடம். இந்த மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய ஒவ்வொரு குடியிருப்புக்கும் அருகில் ஒன்று இருக்கிறது. குழந்தைகளுக்கு ஏற்ற தரையும் குடிநீரும் கழிப்பறையும் உள்ள கட்டடங்கள் பல. பிள்ளைகள் மதிய உணவு உண்டு உறங்கி எழுந்து வீட்டுக்குப் போன பிறகு, மாலையில் இரண்டு மணி நேரம் அவற்றின் தாழ்வாரத்தைக் கைத்தொழில் செய்யும் தாய்மார் குழுக்களுக்குத் திறந்துவிடலாம். ஏற்கெனவே சுமை மிகுந்த அங்கன்வாடிப் பணியாளர்கள் தலையில் இதையும் கட்டிவிடக் கூடாது. சாவியை மகளிர் சுய உதவிக் குழுவின் பொறுப்பில் விட்டு, பெருக்கிப் பூட்டித் திருப்பித் தரும் கடமையையும் அக்குழுவுக்கே கொடுத்தால் போதும். அங்கன்வாடியில் இடமில்லாத ஊர்களில் சமுதாயக் கூடமோ கிளை நூலகத்தின் முன்கூடமோ பயன்படும். கடன், மானியம் ஆகியவற்றோடு பார்த்தால் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது இன்னும் நன்றாகப் புரியும். புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பாயின் புகழை எல்லோரும் பேசுகிறோம். கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து, கீறி, சாயம் தோய்த்து, காயவைத்து, நெய்து, ஓரம் மடித்துத் தைப்பது வரை எத்தனை கைகள் மாறுகின்றன என்பதைப் பேசுவதில்லை. தறியில் ஒருவர் குச்சியால் கோரையைக் கோக்க, மற்றவர் அச்சை அடித்து நெருக்கும் வீடுகளில் தாயும் மகளும், நாத்தனாரும் மைனியும், அடுத்த வீட்டுத் தோழியும் இணைந்தே உட்காருகிறார்கள்.

வாங்குபவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு முறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகள் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளன. ஒயரும் பிளாஸ்டிக்தான் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் நன்றாகப் பின்னிய ஒரு கூடை பத்தாண்டுகளுக்கு மேல் காய்கறிச் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் போய்வரும். அறுந்துபோன கைப்பிடியை மாற்றினால் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். அத்தகைய கூடையின் விலையைச் சொன்னதும், "ஒயர் விலையே இவ்வளவுதானே, மீதி எதற்கு?" என்று கேட்பவர்கள் பலர். அந்த மீதிதான் இரண்டு மூன்று நாள் பகல்பொழுதின் கூலி. உறவினர்களும் தெரிந்தவர்களுமே இப்படிக் கேட்கும்போது மறுத்துப் பேச எங்களுக்கு வாய் வருவதில்லை. தோழிகளாகச் சேர்ந்து ஒரே விலை என்று முடிவு செய்த பிறகுதான், குறைத்துக் கேட்கப்படும் விலைக்கு "கட்டுப்படியாகாது" என்று சொல்லும் துணிவு எங்களுக்கு வந்தது.

தங்கள் மகளிர் பக்கத்தில் இனி ஒரு கைவினைப் பெண்ணைப் பற்றி எழுதும்போது, அவர் அடி போட்ட நேரத்தில் அவருடைய குழந்தையை வைத்திருந்தவர் யார், கைப்பிடி போட்டுக் கொடுத்தவர் யார், ஒரு கூடைக்கு அவர் கையில் நின்ற கூலி எவ்வளவு என்பதையும் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கன்வாடித் தாழ்வாரத்தை மாலையில் திறந்துவிடும் யோசனையை மாவட்ட ஆட்சியரின் பார்வைக்குக் கொண்டுசெல்லத் தங்கள் நாளிதழ் உதவினால், எங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு மையத்திலாவது அதைச் சோதனையாகத் தொடங்கிப் பார்க்கலாம். அதற்கான குழுவை அமைத்துப் பொறுப்பேற்க நானும் என் தோழிகளும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பாளையங்கோட்டை.