கொண்டலும் உன் எட்டுக் கிலோமீட்டரும்

அன்பு சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பதில் வரவில்லை என்று திட்டி நீ போட்ட இரண்டாவது கடிதமும் வந்து சேர்ந்தது. திட்டு நியாயமானதுதான், வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது தட்டில் கறிவேப்பிலை ஒதுக்குவது வரைக்கும் எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. அது கிடக்கட்டும். சைக்கிளை விற்கப்போவதாக மூக்கனிடம் சொன்னாயாமே? அதற்காகத்தான் இன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் பொறு.

நீ எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். காலையில் திருவான்மியூரிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்கு 35 நிமிடம், வியர்வையைத் தவிர வேறு தொல்லை இல்லை. சாயங்காலம் அதே 8 கிலோமீட்டருக்கு 50 நிமிடம், வாசலில் இறங்கும்போது தொடை நடுங்குகிறது. "வயசாயிடுச்சுடா" என்று முடித்திருக்கிறாய். காலையில் இல்லாத வயசு சாயங்காலம் எங்கிருந்து வந்தது?

வயசு இல்லை, காற்று. நம் தமிழ் வாத்தியார் நாலு திசைக்கும் நாலு பெயர் சொல்லிக் கொடுத்தாரே: வடக்கே வாடை, தெற்கே தென்றல், மேற்கே கோடை, கிழக்கே கொண்டல். நீ கொண்டலையும் கோடையையும் மாற்றி எழுதி மார்க்கைக் கோட்டைவிட்டாய். அந்தக் கொண்டல்தான் இப்போது வட்டியோடு வசூலிக்கிறது. வெயிலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிவிடும். நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். சென்னையில் கோடை மாதங்களில் மதியம் 12 மணியிலிருந்து 2 மணிக்குள் இது தொடங்கி, பிற்பகல் முழுக்க நின்று வீசி, இருட்டிய பிறகுதான் தளரும். ஊரே "கடல் காத்து வந்தாச்சு" என்று மூச்சுவிடும் நேரம் அது. நீயோ சரியாக 5.30 மணிக்கு ஆபீஸை விட்டு வெளியே வந்து, சர்தார் படேல் சாலையில் கிழக்கே பார்த்து மிதிக்கிறாய். அந்தச் சாலை காற்றுக்கென்று போட்ட வாய்க்கால் மாதிரி நேராகக் கடல் பக்கம் போகிறது. காலை 8 மணிக்குக் காற்று அனேகமாகப் படுத்திருக்கும், அதனால் போகும்போது உனக்கு எதுவும் தெரிவதில்லை.

கணக்கு என்றால் உனக்குப் பிடிக்கும், போடுகிறேன். காற்று அசையாத நேரத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறாய் என்று வை. எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உன் நெஞ்சில் மோதுவது 30 கிலோமீட்டர் வேகக் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் அது உன்னைப் பிடித்து இழுக்கும் விசை நாலு மடங்கு. டயர் உராய்வு அப்படியேதான் இருக்கும் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உழைப்பு இரண்டு மடங்குக்கு மேல். ஒரு மேம்பாலத்தை எட்டுக் கிலோமீட்டருக்கு நீட்டிப் படுக்கப் போட்டது போல. அதுவும் உச்சி இல்லாத பாலம், மறுபக்கம் சறுக்கி இறங்குகிற சுகம் கிடையாது. மேடு என்றால் கண்ணுக்குத் தெரியும், அதற்குத் தக்கபடி மெதுவாக மிதிப்போம். காற்று தெரியாது. அதனால்தான் காலை வேகத்தையே சாயங்காலமும் பிடிக்கப் பார்த்து, பாதி வழியில் மத்திய கைலாஷ் சந்திப்பு வருவதற்குள் தீர்ந்துபோகிறாய்.

செய்ய வேண்டியது இது. வேகத்தை மறந்துவிடு, கால் சுற்றும் கணக்கை மட்டும் பார். வலது முழங்கால் மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணு. 18 முதல் 20 வரை இருந்தால் சரி. 12, 13 என்று வந்தால் கியர் கனமாக இருக்கிறது, இறக்கு. முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று 21 கியருக்குக் காசு கொடுத்துவிட்டு, முன்பக்கப் பெரிய பல்சக்கரத்தை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறாயே, கஞ்சப்பயலே, கியருக்குத் தனியாக யாரும் வாடகை கேட்கப்போவதில்லை! சாயங்காலத்துக்கு முன்னால் நடுச்சக்கரம், பின்னால் மூன்றோ நாலோ போதும். முன்னால் பெரியது, பின்னாலும் பெரியது என்று மட்டும் போடாதே, செயின் கோணலாக ஓடித் தேயும். முழங்கையை மடக்கி உடம்பைக் கொஞ்சம் தாழ்த்து. நிமிர்ந்து உட்கார்ந்தால் நீயே பாய்மரம். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டு.

எல்லா நாளும் இதே கதை இல்லை. ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடல்காற்று தாமதமாகும், சில நாள் வராமலே போகும். அன்றைக்குக் காலையில் திணறி, சாயங்காலம் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டது போல வீடு போய்ச் சேர்வாய். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். சர்தார் படேல் சாலை வரைக்கும் தொல்லை, எல்.பி. சாலையில் தெற்கே திரும்பியதும் சலுகை. மேற்கே போரூரில் குடியிருந்து தரமணியில் வேலை பார்ப்பவனுக்குக் கோடையில் காலையில் எதிர்க்காற்று இல்லை, சாயங்காலம் காற்று துணை. அதற்காக வீட்டை மாற்றாதே.

இனி சைக்கிள். உன் டயர் ஓரத்தில் 700×35 என்று இருப்பதாக எழுதியிருந்தாய். கூடவே அதிகபட்சக் காற்றளவும் அச்சாகியிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. உன் எடைக்குப் பின்னால் 65 பாயிண்ட் (டயரில் PSI என்று இருப்பது), முன்னால் 55. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு" என்பாய், 40 பாயிண்டிலேயே அப்படித்தான் இருக்கும். உன் ட்யூபில் இருப்பது பைக் வால்வ், பெட்ரோல் பங்கிலேயே அடிக்கலாம். அங்கே கார் கணக்கில் 30 வைத்திருப்பார்கள், பின்னுக்கு 65, முன்னுக்கு 55 என்று வாய்விட்டுச் சொல். சைக்கிளுக்கா என்று ஒரு பார்வை பார்ப்பார்கள், பார்க்கட்டும். பஞ்சர் இல்லாவிட்டாலும் ட்யூபிலிருந்து வாரத்துக்குச் சில பாயிண்ட் கசிந்துகொண்டேதான் இருக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை அடிக்காவிட்டால் பின்சக்கரம் தரையை ஒட்டிக்கொண்டு வரும், பள்ளத்தில் ரிம் இடித்து ட்யூபில் பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அதை ஒட்டும்போது ஒன்றை மட்டும் பார்த்து ஒட்டிவிட்டு வராதே. சொலுஷன் தடவியதும் பேட்ச் வைக்கும் பழக்கத்தையும் விடு. உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிசாகத் தடவி, பளபளப்புப் போகும்வரை நாலைந்து நிமிடம் காயவிட்டுத்தான் வைக்க வேண்டும். டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பார்க்காமல் மாட்டினால் அதே முள் அடுத்த தெருவில் மறுபடி குத்தும்.

முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்றாய். சீட் தாழ்வு. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் தானாகவே லேசாக மடங்கியிருக்கும். ஏற்றும்போது அரை அரை அங்குலமாக ஏற்று, கம்பியில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. முழங்காலின் பின்பக்கம் வலிக்க ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டாய் என்று அர்த்தம். சிக்னலில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் ஊன்ற வேண்டும் என்ற ஆசையால்தான் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். குரங்கு பெடல் போட்ட ராஜாவுக்கு இனி என்ன பயம்?

செயின் கடகடவென்று சத்தம் போடுவதற்கு உப்புக்காற்றும் ஒரு காரணம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வெளியே நிறுத்தினால் ஒரே மழையில் துரு ஏறிவிடும். மண்ணெண்ணெய் துணியால் துடை, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதை எல்லாம் துடைத்து எடு. வெளியே மினுமினுக்கும் எண்ணெய் மணலைச் சேர்ப்பதற்கு மட்டும்தான் உதவும். கிரீஸ் வைக்காதே. தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் சுழியை வை. புதுச் செயினில், அந்தப் பின்னை விட்டு எண்ணினால், இருபத்து நாலாவது பின்னின் நடு 12 அங்குலத்தில் சரியாக வந்து நிற்கும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்று. எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் பின்பக்கப் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும், செலவு அதிகம்.

இனிமேல் சொல்வதில் கிண்டல் இல்லை. நவம்பர் கடைசியில் 5.40 மணிக்கே சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் 6.40 வரை வெளிச்சம் கிடைக்கும். அதாவது வருஷத்தில் பாதி நாள் நீ சூரியன் மறைந்த பிறகுதான் வீடு வந்து சேர்கிறாய். பின்விளக்கு இல்லாமல் ஓட்டுகிறாய் என்று மூக்கன் சொன்னதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. "தெருவிளக்கு இருக்கே" என்றாயாம். தெருவிளக்கு உனக்கு ரோட்டைக் காட்டும், பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு உன்னைக் காட்டாது. சிவப்பு விளக்கை சீட்டுக் கம்பியில் மாட்டு, பையோ மழைக்கோட்டோ மறைக்காத உயரத்தில். மின்னி மின்னி எரிவது கண்ணில் படும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று கணிக்க நிலையாக எரியும் விளக்குதான் உதவும். முடிந்தால் இரண்டும் வை. பேட்டரி ஒரே நாளில் சாகாது, மங்கி மங்கிச் சாகும், ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது. பத்தடி தள்ளி நின்று நீயே பார். பெடலில் உள்ள ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிடாதே. மேலும் கீழுமாக ஆடும் வெளிச்சத்தைப் பார்த்தாலே சைக்கிள் என்று தெரிந்துவிடும்.

நிறுத்தத்தில் ஒதுங்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் நுழையாதே, எவ்வளவு இடம் இருந்தாலும் சரி. நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளிப் போ. மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரை வழித்துத் தள்ளிவிட்டுத்தான் பிடிக்கும், முன்கூட்டியே லேசாகத் தொட்டுக்கொண்டே வா. ரோடு தெரியாத தண்ணீரில் ஓரமாகப் போவது புத்திசாலித்தனம் என்று நினைக்காதே, வடிகால் ஓட்டைகள் ஓரத்தில்தான் இருக்கும். இறங்கித் தள்ளு. சக்கரத்தின் நடு அச்சு வரைக்கும் தண்ணீரில் மூழ்கியிருந்தால் அந்த வாரமே பிரித்து, பால்ரஸ் கழுவி, புது கிரீஸ் வைக்கச் சொல். ஆமாம், அதேதான், ஓவர்ஹாலிங்கை நான் எழுதுகிற "ஓவராயிலிங்". இப்போதும் அப்படித்தான் எழுதுவேன்.

முதலில் காற்றடி. அடுத்து சீட். ஒரு வாரம் முழங்காலை எண்ணிக்கொண்டு ஓட்டு. ஸ்கேல் வைத்துச் செயினை அளந்து எத்தனை வந்தது என்று எழுது. பின்விளக்கை மட்டும் இந்தக் கடிதத்தை மடித்து வைத்தவுடன் போய் வாங்கு. தங்கைக்கு என் விசாரிப்பு. மூக்கனுடைய பம்பைத் திருப்பிக் கொடுத்துவிடு, மூன்று வருஷமாகக் கேட்கிறான்.

உன்
வால்டியூப்