எர்லென்ட் ஓயே யாரையும் உதறிவிட்டுப் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேண்டிலிருந்து பிரிந்து வந்து தனியாகப் பெயர் வாங்கிய பாடகர்களைப் பற்றி சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நார்வே பாடகர் எர்லென்ட் ஓயேவுக்கும் அதில் நாலு வரி ஒதுக்கியிருந்தீர்கள். தமிழில் அவர் பெயரை அச்சில் பார்ப்பதே அபூர்வம் என்பதால் சந்தோஷமாக இருந்தது. ஆனால் 2003-ல் அவர் "குழுவை உதறிவிட்டுத் தனிப்பாதை கண்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பாட்டுகளைப் பல வருடமாகக் கேட்டுவருகிறவன் என்ற முறையில் இதை மறுத்துச் சொல்லியே ஆக வேண்டும். அவர் எதையும் உதறவில்லை.

எர்லென்ட் 1975-ல் நார்வேயின் பெர்கன் நகரத்தில் பிறந்தவர். அதே வருடம் பிறந்த எய்ரிக் கிளாம்பெக் போயேவை அவர் சந்தித்தது பதினோரு வயதில், பள்ளிகளுக்கான ஒரு புவியியல் போட்டியில். பதினாறு வயதில் இரண்டு பேரும் வேறு இரு நண்பர்களோடு சேர்ந்து 'ஸ்கூக்' என்ற பேண்டை ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு சிறு இசைத்தட்டோடு அது கலைந்துவிட்டது. அப்புறம் எர்லென்ட் லண்டனுக்குப் போய் 'பீச்ஃபஸ்' என்ற குழுவில் கிட்டார் வாசித்தார். கடைசியில் பழைய நண்பர்கள் இருவரும் மட்டும் மறுபடி சேர்ந்ததுதான் 'கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ்'. அவர் உதறிவிட்டதாக நீங்கள் எழுதிய குழு இதுதான்.

அவர்களுடைய 'குவைட் இஸ் த நியூ லவுட்' ஆல்பம் 2001-ல் வந்தது. பெரும்பாலும் இரண்டு கிட்டார், இரண்டு குரல், கூடவே கொஞ்சம் பியானோ, எங்கோ ஒரு ட்ரம்பெட். ஒருவர் நைலான் கம்பியில் மெதுவாகத் தாளம் பிடிக்க, மற்றவர் இரும்புக் கம்பியில் மேல்சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவார். இரண்டு குரலும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடுவதால் எது யாருடையது என்று பல இடங்களில் பிரிக்கவே முடியாது. இப்படிப்பட்ட பாட்டை உரக்கக் கத்திப் பாட முடியாது. ஒருவர் பாடுவதை மற்றவர் கூர்ந்து கேட்டால்தான் அது நிற்கும். அவர்கள் இசையின் உயிரே அந்தக் கேட்பதில்தான் இருக்கிறது என்பேன்.

அதே 2001-ல் ராய்க்சாப் என்ற இருவர் எலக்ட்ரானிக் இசைக்குழுவின் முதல் ஆல்பத்திலும் எர்லென்ட் பாடினார். 'ரிமைண்ட் மீ', 'புவர் லெனோ' இரண்டிலும் ஒலிப்பது அவர் குரல்தான். ஆக, உங்கள் கட்டுரை சொல்லும் 'பிரிவு' நடப்பதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் வெளியாட்களோடு பாடிக்கொண்டுதான் இருந்தார். எய்ரிக்கோடு இருந்த குழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

சரி, 2003-ல் வந்த 'அன்ரெஸ்ட்' என்ற தனி ஆல்பத்துக்கு வருவோம். அட்டையில் ஒருவர் பெயர்தான். ஆனால் உள்ளே இருக்கும் பத்துப் பாட்டுகளையும் பத்து ஊர்களுக்குப் போய், ஊருக்கு ஒரு எலக்ட்ரானிக் இசைக்கலைஞரோடு உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறார். இதைப் போய்த் தனிப்பாதை என்றால் எப்படி? எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் இயந்திர ஒலி அந்த மென்மையான குரலை விழுங்கிவிடுகிறது. ஆனால் மார்கன் கைஸ்ட்டோடு செய்த 'கோஸ்ட் டிரெயின்ஸ்' இன்றைக்கும் கேட்கக் கேட்கப் புதிதாக இருக்கிறது. அடுத்த வருடமே, 2004-ல், கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸின் இரண்டாவது ஆல்பம் 'ரயட் ஆன் அன் எம்ப்டி ஸ்ட்ரீட்' வந்துவிட்டது. உதறிவிட்டுப் போனவர் மறுவருடமே அதே நண்பரோடு ஆல்பம் போடுவாரா?

அந்தச் சமயத்தில் பெர்லினில் டிஜேயாகவும் இருந்தார். வேறு ஒருவரின் இசைத்தட்டு ஓடும்போதே மைக்கை எடுத்து அதன்மேல் தானே பாடுவது அவர் பழக்கம். 2004-ல் வந்த அவருடைய 'டிஜே-கிக்ஸ்' தொகுப்பில் இதை நீங்களே கேட்கலாம். பெர்லினில்தான் 'த வைட்டஸ்ட் பாய் அலைவ்' என்ற நால்வர் குழுவும் உருவானது. கம்ப்யூட்டர் நடன இசையாகத் தொடங்கி, போகப்போக டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு என்று முழுக்கக் கையால் வாசிக்கும் குழுவாக மாறியது.

எனக்கு மிகவும் பிடித்த வருடம் 2009. வைட்டஸ்ட் பாய் அலைவ் மெக்சிகோவின் பசிபிக் கரையில் பதிவு செய்த 'ரூல்ஸ்' அந்த வருடம்தான் வந்தது. நாலு பேரும் ஒன்றாக நின்று வாசித்ததை அப்படியே பதிந்த ஆல்பம். உட்கார்ந்து கேட்டாலும் கால் தானாக ஆடும். அதே வருடம் கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸின் 'டிக்ளரேஷன் ஆஃப் டிபென்டன்ஸ்' வந்தது. அதில் டிரம்ஸ் என்ற பேச்சே இல்லை. கிட்டார் கம்பியை விரல் தொடும் விதத்திலேயே தாளம் முழுக்க வந்துவிடுகிறது. ஒரே மனிதர் ஒரே வருடத்தில் இப்படி இரண்டு வீடுகளிலும் குடும்பக்காரராக இருந்திருக்கிறார். நான்கே வரியில் எழுதினாலும் இந்த 2009-ஐ விட்டுவிட்டு எர்லென்டைப் பற்றி எழுதக் கூடாது.

2012-ல் அம்மாவோடு இத்தாலியின் சிசிலித் தீவுக்கு, சிராகூசா ஊருக்குக் குடிபோனார். அடுத்த வருடமே 'லா ப்ரிமா எஸ்டாடே' என்று இத்தாலிய மொழியில் ஒரு பாட்டு. 2014-ல் வந்த 'லெகாவோ' அவருடைய இரண்டாவது தனி ஆல்பம். அதிலும் அவர் தனியாக இல்லை. ஐஸ்லாந்தின் ஹ்யால்மர் என்ற ரெகே குழு முழு ஆல்பத்துக்கும் பின்னணி வாசித்திருக்கிறது. அதே 2014-ல் வைட்டஸ்ட் பாய் அலைவ் கலைந்தது. பிரிவைப் பற்றி எழுதுவதென்றால் அதைப் பற்றித்தான் எழுதியிருக்க வேண்டும். 2020-ல் அவர்களும் ஒரு புதுப்பாட்டோடு திரும்பி வந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

எய்ரிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனோதத்துவம் படித்தவர், பெர்கனை விட்டு நகராதவர். 'கமோட்' என்ற தன் சொந்தக் குழுவோடு 2017-ல் ஒரு ஆல்பம் போட்டார். 2009-க்குப் பிறகு இருவரும் சேர்ந்த ஆல்பம் வர 12 வருடம் ஆனது உண்மைதான். ஆனால் 2021-ல் வந்த 'பீஸ் ஆர் லவ்' ஆல்பத்தைப் பல வருடமாகப் பல ஊர்களில் பதிவு செய்துகொண்டேதான் இருந்தார்கள். 2004 ஆல்பத்தில் பாடிய கனடியப் பாடகி ஃபைஸ்ட் இதிலும் வந்து பாடியிருக்கிறார். அந்தச் சிநேகிதமும் விட்டுப்போகவில்லை.

இதையெல்லாம் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குழுவை ஏணிப்படி மாதிரியும் தனி ஆல்பத்தை உச்சிமாடி மாதிரியும் காட்டினால், புதிதாகக் கேட்க வருகிற இளம் வாசகர் 'அன்ரெஸ்ட்' ஒன்றை மட்டும் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். 'ரூல்ஸ்' அவர் காதில் விழவே விழாது. தயவுசெய்து அந்த வரியை அடுத்த இதழில் திருத்துங்கள். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றும் போடுங்கள். அதில் சிராகூசாவில் அவர் சேர்த்துக்கொண்ட 'லா கொமிடீவா' குழுவினரின் பெயர்கள் அவசியம் வர வேண்டும்: மார்கோ காஸ்டெல்லோ, லூயிஜி ஓரோஃபினோ, ஸ்டெஃபானோ ஓர்டிசி. இவர்களோடு அவர் போட்ட ஆல்பம் 2024-ல் வந்தது. காஸ்டெல்லோ 2021-லேயே தன் சொந்த ஆல்பத்தை வெளியிட்டுவிட்டார். இடம் இருந்தால் அவரைப் பற்றியும் ஒரு பெட்டிச் செய்தி போடலாம்.

அன்புடன்,
நீண்டநாள் வாசகர்