காலாண்டு பேப்பரும் டேப்ல வந்த மார்க்கும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

பெற்றோர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

காலாண்டு பேப்பர் திருத்தி பிள்ளைங்க கையில குடுத்தாச்சு, குடுத்த அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து போன் மேல போன். முக்கால்வாசி பேர் கேட்டது ரெண்டே கேள்விதான். ஒண்ணு, எம்புள்ள எத்தனாவது ரேங்க் சார். இன்னொண்ணு, ஸ்கூல் டேப்லெட்ல, அதான் டேப்ல, வச்ச டெஸ்ட்ல பத்துக்கு எட்டு வாங்கினவன் பேப்பர்ல எப்படி சார் கொறஞ்சான், டீச்சர் ஒழுங்கா திருத்தலையா.

ரேங்க் போடல, போடவும் மாட்டோம். பத்தாவது, பன்னெண்டாவது பப்ளிக் எக்ஸாமுக்கே மாநில ரேங்க் பட்டியல 2017லயே கவர்மெண்ட் நிறுத்திடுச்சு, நாலாங்கிளாஸ் பிள்ளைக்கு நாம எதுக்கு போடணும்?

ரெண்டாவது கேள்வி நியாயமான கேள்வி. நாலாங்கிளாஸ் கணக்கு பேப்பர் வீட்ல இருந்தா எடுத்து கழித்தல் கணக்கப் பாருங்க, 402ல 178 போனா எவ்வளவுன்னு கேட்டிருக்கோம். விடை 224. சில பிள்ளைங்க 376னு எழுதியிருக்காங்க, சில பிள்ளைங்க 234னு எழுதியிருக்காங்க. ரெண்டுமே தப்பு, ரெண்டுக்கும் சைபர்தான், ஆனா ரெண்டும் ஒரே தப்பு இல்ல. 376 எழுதின பிள்ளை, மேல இருக்கு கீழ இருக்குன்னு பாக்காம பெருசுல இருந்து சின்னத கழிச்சுட்டே போயிருக்கு, எட்டுல ரெண்டு போனா ஆறு, ஏழுல சைபர் போனா ஏழு, நாலுல ஒண்ணு போனா மூணு, அவ்வளவுதான். அதுக்கு கடன் வாங்குறதுன்னா என்னன்னே இன்னும் புரியல, திரும்ப குச்சிக்கட்டு வச்சு பத்து பத்தா பிரிச்சு காட்டணும். 234 எழுதின பிள்ளைக்கு கடன் வாங்கத் தெரியும், நடுவுல இருக்குற சைபர் பத்தாகி அதுல ஒண்ணு பக்கத்துக்குப் போனதும் ஒம்பதாகுதுல்ல, அந்த ஒரு இடத்த மட்டும் விட்டுடுச்சு, பக்கத்துல உக்கார வச்சு ரெண்டு கணக்கு போட்டா சரியாயிடும்.

டேப்ல இதே கணக்கு நாலு ஆப்ஷனோட வரும். தெரிஞ்சு தொட்டாலும் சரி, இங்கி பிங்கி போட்டு தொட்டாலும் சரி, சரியான விடைன்னா மார்க் விழுந்துடும். அதுக்காக டேப் டெஸ்ட் வேஸ்ட்னு நான் சொல்லவே மாட்டேன், திருத்துற வேலை மிச்சம், யாரு எந்தப் பாடத்துல பின்னாடி இருக்காங்கன்னு டக்குனு தெரியும். ஆனா ஒரு டேப் வச்சுட்டு ஒவ்வொரு பிள்ளையா கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள மத்த பிள்ளைங்க பாடம் நிக்குது, நெட் இழுக்கலன்னா அன்னைக்குப் பொழுதே போச்சு, இதையும் சொல்லித்தான் ஆகணும். அதனால டேப் மார்க் எட்டுன்னா சந்தோஷப்படுங்க, கூடவே நோட்டையும் பொரட்டிப் பாருங்க.

எட்டாவது பெற்றோர்களுக்கு மட்டும் ஒண்ணு. என்எம்எம்எஸ்ங்கிற படிப்பு உதவித்தொகை எக்ஸாம் முழுக்க ஆப்ஷன்தான், மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி, வட்டத்த கருப்பாக்குற ஷீட். தேர்வானா ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபா பிள்ளை பேர்ல வரும். அதுக்கான பிராக்டிஸ் ஹைடெக் லேப்ல நடக்கும், தயவுசெஞ்சு லீவு போட வைக்காதீங்க.

மூணாங்கிளாஸ் பிள்ளைய அரும்புங்கிற முதல் படியில வச்சிருக்கீங்களேன்னு வருத்தப்பட்டவங்களுக்கு: சின்னக் கிளாஸ் பிள்ளைங்களுக்கு படிக்க, எழுத, கணக்கு போட சொல்லிக் குடுக்குற எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல ஆரம்பிச்சதே, கொரோனா நேரத்துல ஸ்கூல் மூடிக் கெடந்து எழுத்தே விட்டுப்போன பிள்ளைங்கள மனசுல வச்சுத்தான். அரும்பு, மொட்டு, மலர்ங்கிறது பிள்ளை இப்போ எந்த அளவுல படிக்குதுன்னு டீச்சர் பாத்து வேலை குடுக்குறதுக்கு, பாஸ் ஃபெயில் கிடையாது. அரும்புல இருக்குற பிள்ளைக்கு மலர் பக்கத்த குடுத்தா அது பேசாம முழிச்சுட்டு உக்காந்திருக்கும், நமக்குத்தான் பெருமை.

இப்போ போன் விஷயம். ஏழாங்கிளாஸ் அறிவியல் வீட்டுப்பாட நோட்டுல சில பிள்ளைங்க முதல் வரியிலயே "நிச்சயமாக! இதோ உங்கள் கேள்விக்கான விடை"ன்னு எழுதிட்டு வந்திருக்காங்க. ஏஐ கிட்ட கேட்டு அப்படியே பாத்து எழுதினது, கையெழுத்து ரொம்ப அழகா இருந்துச்சு, அதுல குறையே இல்ல. நான் திட்டல, சிரிப்புதான் வந்துச்சு. கேக்கட்டும், தப்பில்ல, பாடப்புத்தகத்துல இருக்குற க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணி வீடியோ பாக்கட்டும், அதுவும் நல்லதுதான். ஆனா எழுதின விடைய புத்தகத்த மூடிட்டு சொந்த வார்த்தையில சொல்லச் சொல்லுங்க. இனிமே ஏழு, எட்டு பிள்ளைங்க வீட்டுப்பாடத்துக்கு மார்க் எழுதிட்டு வர்றதுக்கு கெடையாது, மறுநாள் கிளாஸ்ல நின்னு சொல்றதுக்குத்தான்.

நம்ம ஸ்கூல்ல இருக்குற டெக்னாலஜில எனக்கு ரொம்ப புடிச்சது ஸ்மார்ட் போர்டு இல்ல, உங்க வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்தான். ரெண்டு, மூணு கிளாஸ் பிள்ளைங்க தமிழ்ப் புத்தகத்துல ஒரு பக்கத்த சத்தமா படிக்க, அத ரெகார்ட் பண்ணி மாசம் ஒருவாட்டி கிளாஸ் டீச்சர் நம்பருக்கு அனுப்புங்க. குரூப்ல போடாதீங்க, பிள்ளை கூச்சப்படும். ஜூலைல "ப...ள்...ளி...க்...கூ"ன்னு எழுத்து எழுத்தா இழுத்த பிள்ளை இப்போ வாக்கியம் முடியிற எடத்துல நிறுத்திப் படிக்குது, அது எந்த மார்க் ஷீட்லயும் தெரியாது. பக்கத்துல இருந்து எடுத்துக் குடுக்காதீங்க, தப்பா படிச்சாலும் அப்படியே அனுப்புங்க, எங்களுக்கு வேண்டியதே அந்தத் தப்புதான். ஸ்மார்ட் போன் இல்லாத வீட்டுப் பிள்ளைங்கள காலையில ப்ரேயருக்கு முன்னாடி டீச்சரே படிக்க வச்சு கேட்டுக்குவாங்க, கவலைப்படாதீங்க.

வர்ற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பெற்றோர் கூட்டம். வெளியூர்ல வேலை பாக்குறவங்க வர முடியலன்னா தாத்தா பாட்டி வரட்டும், அவங்களுக்கும் டீச்சர் பொறுமையா சொல்லுவாங்க. காலாண்டு பேப்பரையும் கணக்கு நோட்டையும் மறக்காம எடுத்துட்டு வாங்க, மார்க் கூட்டல் தப்பா இருந்தா அங்கேயே திருத்திக் குடுத்துடுவோம். அடுத்த வீட்டுப் பிள்ளையோட பேப்பர ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி