லயத்துக்கும் ஒரு காதல் கதை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்துக்குப் படப்பிடிப்பு நடத்த வருகிறவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். எங்கள் பனிமூட்டத்தையும் எல்ல என்ற ஊரின் ஒன்பது வளைவுப் பாலத்தையும் மனதாரப் புகழ்ந்திருந்தீர்கள். அந்தப் பனிக்குள் காதலிக்கிறவர்கள் மட்டும் ஏன் எப்போதும் வெளியிலிருந்தே வருகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையா?

சென்ற மாதம் மகளின் மடிக்கணினியில் 'அமெலி' என்ற பிரெஞ்சுப் படம் பார்த்தேன். 2001இல் ழான்-பியர் ஜூனே இயக்கியது. நாயகி ராஜகுமாரி அல்ல. பாரிஸின் மொன்மார்த்ர் பகுதியில் கோப்பிக் கடையில் பரிமாறுகிற பெண். ஆனால் அவளைச் சுற்றிப் பச்சையும் சிவப்பும் பொன்மஞ்சளும் ததும்பிக்கொண்டே இருக்கின்றன. புரூனோ டெல்பொன்னல் ஒளிப்பதிவு செய்த காட்சிகளுக்குப் பிறகு கணினியில் நிறம் கூட்டியிருக்கிறார்கள். ஓரிடத்தில் அவள் பார்வையற்ற மனிதர் ஒருவரின் கையைப் பற்றி, கடைகளில் இருப்பதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லியபடி தெருநெடுக வேகமாக அழைத்துப் போகிறாள். விட்டுச் சென்றதும் அவர் மேல் பொன்னொளி பரவுகிறது. அங்கே நான் அழுதுவிட்டேன்.

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். விடியற்காலைப் பனியில் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறும்போது, கீழிருந்து பார்ப்பவர்களுக்கு முதலில் தலைத்துண்டின் சிவப்பு மட்டும்தான் தெரியுமாம். பனி விலக விலகத்தான் முகம் வருமாம். கல்யாணத்துக்கு முன்பு அப்பா அந்தச் சிவப்புக்காகவே தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை நிறுத்திவிட்டு மேல்மலையைப் பார்த்து நிற்பாராம். இந்த ஒரு காட்சி போதும், படம் தொடங்க.

எங்களை வைத்துப் படமெடுப்பவர்களோ ஒழுகும் தகரத்தையும் இருமலையும் கண்ணீரையும் தவிர வேறு எதையும் காட்டுவதில்லை. நிறமெல்லாம் சாம்பல். பொய் என்று சொல்ல மாட்டேன். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவள், கூரை ஒழுகியது எனக்குத் தெரியும். அதே லயத்து வாசலில் என் கையளவு டேலியா பூத்ததும் தெரியும்.

காதல் கதைக்கு வெளிச்சம் வைக்க எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் தோட்டத்துக்கு வந்து பாருங்கள். தப்பு முழங்க, தீப்பந்த வெளிச்சத்தில், எரிந்துபோன மன்மதனுக்காக ரதி அழும்போது கைக்குழந்தைக்காரிகூட உறங்கப் போகமாட்டாள்.

இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் கைபேசியிலேயே குறும்படம் எடுக்கிறார்கள். உங்கள் பத்திரிகை அவர்களுக்கு ஒரு போட்டி வைக்கட்டும். காதல் கதை, தோட்டத்துக் கதை என்பது மட்டும் நிபந்தனையாக இருக்கட்டும். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவைக்குக் காத்து நிற்கும் பெண்ணை நாயகியாக்குங்கள், பிள்ளைகளே. அவள் துண்டு என்ன நிறம், மடுவத்து பல்பின் வெளிச்சம் அவள் கன்னத்தில் எப்படி விழ வேண்டும் என்று இரவெல்லாம் யோசியுங்கள். படம் திரையிடும் நாளில் என் அம்மாவை பஸ் ஏற்றிக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன்.

ஒரு வாசகி,
தலவாக்கலை