மனசு ஏது என்று கேட்டீர்களே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழ் கேள்வி-பதில் பகுதியில், தன் பத்து மாதக் குழந்தை யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை என்று ஒரு தாய் எழுதியிருந்தார். ‘இந்த வயதில் மனசு ஏது? வயிறு நிறைந்தால் தானாகச் சிரிக்கும்’ என்று பதில் போட்டிருக்கிறீர்கள். பத்திரிகையில் வந்துவிட்டதே என்று அந்தத் தாயும் நம்பிச் சும்மா இருந்துவிடுவார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் மையத்தில் ஒரு பெண் குழந்தைக்கு எடை ஏறவே இல்லை. சத்துமாவு கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தோம். அம்மா சுவரைப் பார்த்தபடி ஊட்டுவாள். குழந்தையும் அவள் முகத்தைத் தேடாது. யார் தூக்கினாலும் போகும், இறக்கிவிட்டால் அழாது. வந்தவர்களெல்லாம் ‘சமத்து’ என்று கொஞ்சினார்கள். இரண்டாவதும் பெண்ணா என்று வீட்டில் பேசிய பேச்சில் அந்தத் தாய் பிரசவத்திலிருந்தே இடிந்து போயிருந்தாள். அதை எழுத எங்கள் பதிவேட்டில் கட்டம் ஏது? எடை, உயரம், தடுப்பூசி, அவ்வளவுதான். மேலதிகாரிகளிடம் சொன்னேன். ‘மாவை மாட்டுக்குப் போடுகிறார்களா, விசாரியுங்கள்’ என்றார்கள்.

அப்புறம் அந்தத் தாயை அவளுடைய அம்மா வந்து கூட்டிப்போய், ஆள் தேறி வந்தாள். மையத்தில் விட்டதும் குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அலறியது. எல்லோரும் முகம் சுளித்தார்கள். எனக்கு அன்றைக்குத்தான் நிம்மதி.

பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் விழுந்த தாய்மாரின் குழந்தைகள் ஆறு மாதத்திலேயே எடையிலும் உயரத்திலும் பின்தங்குவதை கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் கண்டு 2003-லேயே எழுதிவிட்டார்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று அறியத் தாயிடம் கேட்க வேண்டிய ‘எடின்பரோ’ பத்துக் கேள்விகள் 1987-லேயே வந்துவிட்டன. உங்களுக்குத் தெரியாததா? குழந்தைகள் தினத்துக்குக் ‘கொழுகொழு குழந்தை’ போட்டி நடத்துகிறவர்கள் நீங்கள்! கன்னம் உப்பியிருந்தால் பரிசு. கூப்பிட்டால் திரும்புகிறதா, அம்மா சிரித்தால் சிரிக்கிறதா என்று எந்த நடுவராவது பார்த்ததுண்டா?

வீட்டிலும் இதே கதைதான். பேச்சு வரவில்லை என்றால், ‘அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’. மிரண்டு மிரண்டு அழுதால் தாயத்து. எதற்கும் அடங்காவிட்டால் கையில் செல்போன். இதையெல்லாம் கண்டித்துப் போன வருடம் நான் எழுதிய கடிதம் உங்கள் அலுவலகத்தில் எங்கே தூங்குகிறதோ!

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைகளைப் பரிசோதித்துச் சிகிச்சைக்கு அனுப்பும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013-இல் வந்ததிலிருந்து, வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளைப் பார்க்க மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் உள்ளன. அப்படி ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது. அவற்றின் முகவரிகளை மாவட்டவாரியாக ஒரு முறை வெளியிடுங்கள். ராசிபலனில் அரைப் பத்தி குறைந்தால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். அதற்கும் இடம் இல்லையென்றால், தாய்மார் கூப்பிட்டு மனம்விட்டுப் பேச அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறதே, அதையாவது கேள்வி-பதில் பக்கத்தின் அடியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
விருதுநகர் மாவட்டம்.