கடலை தீர்ந்த பிறகு வந்த அறிக்கை

மதிப்பிற்குரிய மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நிலக்கடலை விவகாரத்தைத் தாங்கள் அறிவீர்கள். அந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்த பெற்றோர்களில் நானும் ஒருத்தி. மேலே நல்ல கடலை. அடியில் சுருங்கிப்போன பருப்புகள், பிளந்த இடமெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சைத் தூள். மாதிரி எடுத்துச் சென்றார்கள். ஆய்வுக்கூட அறிக்கை வர வாரக்கணக்கில் ஆனது. "முடிவு வராமல் எப்படி வீசுவது?" என்று கேட்ட கடைக்காரர், மேலிருந்த கடலையை வறுத்து, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் போட்டுக்கொண்டே இருந்தார். பூஞ்சை உண்டாக்கும், ஈரலைக் கெடுக்கும் நச்சான அஃப்லாடாக்சின் வரம்பு மீறியது என்ற தாள் கைக்கு வந்தபோது மூட்டை காலி. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு அதுதான் அன்றைய முதல் சாப்பாடு.

வறுத்தாலும் இந்த நச்சு முழுதாக அழியாது. உண்ணத் தயாரான கடலைக்கு நம் மலேசிய விதிமுறை வைத்த வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அளவா அது? 1988இல் இதே பேராக் மாநிலத்தில் அஃப்லாடாக்சினால் 13 குழந்தைகள் இறந்ததைத் தங்கள் துறை மறந்திருக்காது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மாதிரி எடுக்கும் இடத்திலேயே சோதிக்கும் கையடக்க மின்வேதி உணரியை எங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் கருவியும் மின்வேதி உணரிதான். நாங்கள் கேட்கும் உணரியில், நச்சைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை மின்முனையில் பதித்திருப்பார்கள். நச்சு ஒட்டும்போது மின்னோட்டம் மாறும். அந்த மாற்றத்தை வைத்து அளவைக் கணிக்கலாம். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இந்த ஆய்வு நடக்கிறது. அவர்களை அழைத்து எங்கள் சந்தையில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நச்சு மூட்டை முழுதும் சீராகப் பரவியிருக்காது என்பதால், பல இடங்களில் அள்ளி அரைத்துத்தான் சோதிக்க வேண்டும். வழக்குத் தொடுக்க ஆய்வுக்கூட முடிவு தேவை என்பதும் தெரியும். ஆனால் சந்தேகமான மூட்டையை அன்றே நிறுத்திவைக்க உணரி போதுமே!

தோட்டத்து மக்கள் எதற்கும் காத்திருப்பார்கள் என்ற நினைப்பு எல்லா அலுவலகங்களிலும் ஊறிப்போயிருக்கிறது. சாலைக்குக் காத்திருந்தோம், குழாய்த் தண்ணீருக்குக் காத்திருந்தோம். பிள்ளைகளின் ஈரலும் காத்திருக்க வேண்டுமா?

கடுமை தெரிந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த பள்ளித் தவணைக்குள் ஓர் உணரியும் அதைக் கையாளப் பயிற்சி பெற்ற ஓர் ஊழியரும் எங்கள் ஊருக்குக் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, சந்தேகப்பட்ட உணவை முடிவு வரும்வரை விற்கக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர்